ஜாவாவுக்கு ஒரு வால்!

பேச்சிலருக்கு ஒரு பைக், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு டூத் பிரஷ் இருந்தால் போதும், டூர் கிளம்பியாயிற்று. சிலருக்கு டூத் பிரஷ்கூட அநாவசியம். அதே ஆசாமிக்குக் கல்யாணம் ஆகி, ஒரு குழந்தையும் பிறந்து, 'எங்கேயாவது போய் ரெண்டு நாள் டென்ட் அடிச்சுத் தங்கிட்டு வரலாமே' என்று ஆசை வந்தால் கதையே வேறு. டென்ட், பாய், போர்வை, ஸ்டவ், பால் பவுடர், மழை வந்தால் ஒரு செட் துணி, வராவிட்டால் ஒரு செட் துணி... இதையெல்லாம் நூறு சிசி வண்டியில் எங்கே வைப்பது? "ஒரு கார் வாங்கிடுங்களேன்" என்பார் மாமனார். மாதத் தவணையையும் நீங்களே கட்டிடுங்களேன் என்று நாம் திருப்பிச் சொல்ல முடியாது.

இந்தக் கேள்விக்கு அறுபது எழுபது வருஷத்துக்கு முன்பே ஒரு தேசம் பதில் கண்டுபிடித்துவிட்டது. செக்கோஸ்லோவாகியா! 1993-ல் சண்டை சச்சரவில்லாமல் பாகப்பிரிவினை செய்துகொண்டு செக், ஸ்லோவாகியா என்று இரண்டு வீடாகப் போய்விட்டதே, அதே தேசம்தான். அவர்கள் கண்டுபிடித்தது ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. பைக்குக்கு ஒரு வால் வைத்தார்கள்.

ஜாவா என்றால் நம் ஊரில் ஐம்பது வயது தாண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'டுப் டுப்' என்று வாயாலேயே ஓட்டிக் காட்டுவார்கள். ஜானெசெக் என்பவர் 1929-ல் தன் பெயரின் ஆரம்பத்தையும், லைசென்ஸ் வாங்கிய 'வாண்டரர்' கம்பெனிப் பெயரின் ஆரம்பத்தையும் ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் அது. அறுபதுகளின் ஆரம்பத்தில் மைசூரில் ஃபாக்டரி வந்தது. ஒரே லீவர்தான், அதை உதைத்தால் ஸ்டார்ட்டர், தள்ளினால் கியர்! பிறகு எஸ்டி என்று பெயர் மாறி, 1996-ல் மைசூர் ஃபாக்டரி மூடப்பட்டு, 2018-ல் ஜாவா என்ற பெயர் மட்டும் வேறு கைகளில் மறுபிறவி எடுத்தது. இதெல்லாம் தெரிந்த கதை. வண்டியைத் தெரிந்த அளவுக்கு அதன் வால் நமக்குத் தெரியாது.

பாவ் 40 என்று அந்த வாலுக்குப் பெயர். தகரத்தில் செய்த, காற்றைக் கிழிக்கிற மாதிரி உருண்டு திரண்ட ஒரு பெட்டி. மேலே மூடி. அடியில் ஒற்றைச் சக்கரம், ஒன்றே ஒன்று. ஜாவாவின் பின்னால் மாட்டிவிட்டால், இரண்டு சக்கர வண்டி மூன்று சக்கரமாகிவிடும். ஆனால் ஆட்டோ மாதிரி அகலமாக இல்லாமல், ரயில் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. செக் ஆசாமிகள் 'சேஸெட்டா' என்று ஒரு ஸ்கூட்டரும் செய்தார்கள். 175 சிசி, பெட்ரோல் டாங்க் முன்சக்கரத்தின் மேல், பார்வைக்கு நீர்மூழ்கிக் குண்டு! அதன் பின்னால் இந்த முட்டைப் பெட்டியையும் கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் போவதைப் பழைய போட்டோக்களில் பார்த்தால், ஏதோ வேற்றுக்கிரகவாசிகள் பிக்னிக் கிளம்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

ஏன் இந்தக் கூத்து? கார் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து தேசமான கிழக்கு ஜெர்மனியில் நிலைமை இன்னும் மோசம். 'டிராபன்ட்' என்ற குட்டிக் காருக்குப் பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பழைய காருக்குப் புதுக் காரைவிட அதிக விலை கொடுத்தார்கள். நான் படித்த பி.காம். பாடத்தில் தேய்மானம் என்று ஒரு சமாசாரம் உண்டு. வருஷா வருஷம் பொருளின் மதிப்பு குறையும். அந்தத் தேசத்தில் அந்த அத்தியாயத்தையே கிழித்துப் போட்டுவிடலாம்!

ஆக, கையில் இருந்தது ஜாவா, இல்லாவிட்டால் உள்ளூர் எம்.ஸெட். அதுவும் இல்லாதவன் 50 சிசி ஸிம்ஸன். ஜாவா 250-க்கே சக்தி 12 குதிரைதான். 50 சிசி வண்டிக்கு நாலு குதிரைகூடத் தேறாது; மூணரைக் குதிரை, அதுவும் நோஞ்சான். அதன் பின்னாலும் சின்ன டிரெய்லர் கட்டினார்கள். குழந்தை இருந்தால் பக்கத்தில் 'வெலோரெக்ஸ்' சைட்கார், பின்னால் டிரெய்லர் என்று ஊர்வலமே நடத்தியவர்களும் உண்டு.

'அதான் பின் கேரியரிலேயே கட்டலாமே, டிவிஎஸ் எக்ஸெல்லில் நம்ம ஆட்கள் கடையையே கட்டிக்கொண்டு போகிறார்களே' என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அவர்கள் பிளாஸ்டிக் குடத்தோடு கொடைக்கானல் மலை ஏறுவதில்லை. பின்சக்கரத்துக்கும் பின்னால், உயரத்தில், பாரத்தை ஏற்றினால் அது பின்பக்கம் அழுத்துவதோடு நிற்காது. முன்பக்கத்தைத் தூக்கும். ஏற்றக்கால் மாதிரி. முன்சக்கரம் லேசாகிவிட்டால் ஹாண்டில்பார் உங்கள் பேச்சைக் கேட்காது. டிரெய்லரின் சூட்சுமம் என்னவென்றால், பாரத்துக்கு அது சொந்தமாக ஒரு கால் கொடுக்கிறது. மூட்டையின் எடையில் பெரும்பங்கை டிரெய்லர் சக்கரமே சுமக்கும். கொஞ்சூண்டு மட்டும் பைக்கின் மேல் உட்காரும். அதுவும் தாழ்வாக.

ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா என்று டிரெய்லர்காரர்களிடையே சண்டை உண்டு. இரட்டைச் சக்கரம் தானாகவே நிற்கும், நிறையக் கொள்ளும். ஆனால் வளைவில் பைக் சாயும்போது அது சாயாது. எனவே நடுவில் இருக்கும் மூட்டு சுழல வேண்டும். ஒற்றைச் சக்கரம் தனியாக நிற்காது. அவிழ்த்தால் பொத்தென்று விழும். ஆனால் மாட்டிவிட்டால் பைக்கோடு சேர்ந்து சாயும், நிமிரும். அதன் மூட்டு இடம் வலமாகத் திரும்பும், மேலும் கீழும் மடங்கும், உருள மட்டும் உருளாது. என் ஓட்டு ஒற்றைச் சக்கரத்துக்குத்தான். காரணம், பள்ளம். இரட்டைச் சக்கர டிரெய்லர் கட்டினால் ரோட்டில் மொத்தம் மூன்று தடம். பைக் பள்ளத்தைச் சாமர்த்தியமாகத் தாண்டும். டிரெய்லரின் இடது சக்கரம் அதைத் தேடிப்போய் விழும். ஒற்றைச் சக்கரம் நீங்கள் போன தடத்திலேயே சமர்த்தாகப் பின்னால் வரும்.

கிளம்புவது சுலபம். நிறுத்துவதில்தான் இருக்கிறது விஷயம்.

இந்தக் குட்டி டிரெய்லர்களில் பிரேக் கிடையாது. நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்கள், அது பிடிக்கவில்லை. எனவே பின்னாலிருந்து தள்ளும். நேர் ரோட்டில் தள்ளினால் நிற்க இன்னும் கொஞ்ச தூரம் பிடிக்கும், அவ்வளவுதான். வளைவில், சாய்ந்திருக்கும்போது, பயந்துபோய் பிரேக்கை அமுக்கினால் பைக்கின் பின்பக்கத்தை அது பக்கவாட்டில் தள்ளும். மடக்குக் கத்தி மாதிரி வண்டியும் டிரெய்லரும் மடங்கும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது வால் கட்டியவனின் முதல் பாடம்.

மலை இறக்கத்தில் இன்னொரு கண்டம். அந்தக் கால ஜாவா டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். எஞ்சினுக்கு ஆயில் போவது பெட்ரோலோடுதான். நீண்ட இறக்கத்தில் கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும்? பெட்ரோல் போகாது, ஆயிலும் போகாது. ஆனால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் இல்லாமல் சுற்றிச் சுற்றி, பிஸ்டன் 'கப்'பென்று பிடித்துக்கொள்ளும். அதற்காக கிளட்சைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் எஞ்சினின் தடுப்பு போய், மொத்த பாரமும் இரண்டு டிரம் பிரேக்கின் தலையில். எனவே நடுநடுவே ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி எஞ்சினுக்கு ஒரு வாய் ஆயில் ஊட்டிக்கொண்டே இறங்குவார்கள். பின்னால் மனைவி, அதற்கும் பின்னால் முட்டைப் பெட்டி, கையில் பாலாடையில் குழந்தைக்கு ஊட்டுகிற பக்குவம்!

இத்தனை கஷ்டப்பட்டு எங்கே போனார்கள்? பால்டிக் கடற்கரை. அல்லது ஹங்கேரியில் இருக்கும் பாலடோன் ஏரி. 77 கிலோமீட்டர் நீளம், சராசரி ஆழம் சுமார் மூன்று மீட்டர்தான். கரையிலிருந்து வெகு தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். டிரெஸ்டனிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். மணிக்கு அறுபதில் போனால் சுளையாகப் பன்னிரண்டு மணி நேரம் ஸீட்டில். இரண்டு நாளாகப் பிரித்துப் போனால் இடுப்பு மிஞ்சும்.

பெட்டிக்குள் பெரும்பாலும் என்ன இருந்தது என்பதுதான் சுவாரஸ்யம். சாப்பாட்டு டின்கள்! கிழக்கு ஜெர்மனிக்காரர்களுக்கு ஹங்கேரிப் பணம் ஓர் அளவுக்குமேல் மாற்றித் தர மாட்டார்கள். ஓட்டலில் சாப்பிட்டால் மூன்றாம் நாள் பர்ஸ் காலி. எனவே இரண்டு வாரத்துக்கான சாப்பாட்டை ஊரிலிருந்தே இழுத்துக்கொண்டு போனார்கள். டென்டைவிட டின் கனம்.

எதற்கு அவ்வளவு தூரம்? 1961-ல் பெர்லின் சுவர் எழும்பிய பிறகு, கிழக்கே இருந்த அண்ணனும் மேற்கே இருந்த தம்பியும் சந்திக்கத் தோதான இடமாக இருந்தது இந்த ஏரிதான். தம்பி காரில் வந்து, ஓட்டலில் தங்கி, ரெஸ்டாரன்ட்டில் சாப்பிடுவான். அண்ணன் பைக்கில் வந்து, டென்ட் அடித்து, டின்னை உடைப்பான். இரண்டு பேரும் ஒரே மொழியில் பேசிக்கொண்டு ஒரே தண்ணீரில் குளிப்பார்கள். லீவு முடிந்ததும் அவரவர் எல்லைக்குத் திரும்பியாக வேண்டும்.

1989 கோடையில் நிறையப் பேர் திரும்பவில்லை. ஹங்கேரி தன் மேற்கு எல்லை வேலியைப் பிரிக்க ஆரம்பித்த செய்தி பரவ, லீவுக்கு வந்த கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் டென்டைச் சுருட்டாமலே காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 19-ம் தேதி, ஷோப்ரான் ஊருக்கு அருகே எல்லையில் ஒரு 'பிக்னிக்' நடந்தது. கேட் திறந்த கொஞ்ச நேரத்தில் 600-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடிவிட்டார்கள். செப்டம்பர் 11-ல் எல்லையே திறந்தது. நவம்பர் 9-ல் பெர்லின் சுவர். அதற்குள் பைக் யுகம் போய் டிராபன்ட் யுகம் வந்திருந்தது என்பது உண்மைதான். பத்து வருஷம் காத்திருந்து வாங்கிய அந்தக் காரைச் சிலர் ரோட்டோரமே விட்டுவிட்டு, பையையும் குழந்தையையும் மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

சரி, நம் சங்கதிக்கு வருவோம். 'எனக்கும் ஒரு வால் வேண்டும்' என்று ஒர்க்ஷாப் பக்கம் ஓடுவதற்கு முன்னால், இங்கிலாந்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அங்கே டிரெய்லர் இழுக்க வண்டி 125 சிசிக்கு மேல் இருக்க வேண்டும். டிரெய்லர் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. சரக்கோடு சேர்த்து அதன் எடை 150 கிலோ, அல்லது பைக்கின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது குறைவோ அது. கணக்குப் போடுங்கள். 150 கிலோ பைக் என்றால் டிரெய்லருக்கு அனுமதி 100 கிலோ. பெட்டியே 40 கிலோ என்றால் உங்கள் சாமானுக்கு மிச்சம் 60. நம்ம ஸ்ப்ளெண்டர் 97.2 சிசி. லண்டனில் அதற்கு வால் முளைக்க வழியே இல்லை!

இங்கே? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வெல்டிங் பட்டறையில் நாலு குழாயை ஒட்டி ஒரு கொக்கி வைத்துவிட்டால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் அந்தக் கொக்கியைத்தான் போட்டோ எடுப்பார்.

வால் இல்லாமலும் டென்ட் போடப் போகலாம். டிரெய்லர் சொல்லித் தந்த அதே கணக்குதான். கனமானது கீழே, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே: தண்ணீர், ஸ்டவ், டூல்ஸ் எல்லாம் பக்கப் பைகளின் அடியில், முன்பக்கமாக ஒட்டி. இடது வலது எடை சமமாக. கேரியரின் உச்சியில் பாய், போர்வை மாதிரி லேசானது மட்டும். டென்ட் கம்பிகளைக் குறுக்கே கட்டாதீர்கள். சைக்கிள்காரர் முழங்காலைப் பதம் பார்க்கும். பின் டயரில் இரட்டை ஆளுக்கான காற்று. கிளம்புவதற்கு முதல் நாளே எல்லாவற்றையும் கட்டி, தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து, ஒருமுறை சடாரென்று பிரேக் அடித்துப் பாருங்கள். எது பறந்துபோய் விழுகிறதோ அதை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

இல்லை, எனக்கு வால்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள், ஒரு டிராயிங்கை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் முதலில் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, "அது சரி, பின்னாடி இருக்கிறதுக்கு பிரேக் உண்டா?" என்று கேட்டாரானால், அவர் விஷயம் தெரிந்தவர். டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள்.