20 ஷில்லிங்குக்காக மன்னனை எதிர்த்த சீமான்

இங்கிலாந்தில் ஒரு சீமான் இருந்தார். அவருக்கு ஏராளமான நிலம் உண்டு. 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுன், அவருக்குப் பெரிய தொகை அல்ல. ஆனாலும் அந்தப் பணத்தை மன்னனுக்கு வரியாகக் கொடுக்க அவர் மறுத்து விட்டார்.

அவர் பெயர் ஜான் ஹாம்ப்டன். பக்கிங்ஹாம்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். பார்லிமெண்டு உறுப்பினர். பிற்காலத்தில் இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல், இவருடைய தாய்மாமன் மகன்.

கப்பல் வரி

அப்போது ஸ்டூவர்ட் வம்சத்து மன்னன் முதலாம் சார்லஸ் அரசாண்டான். அவன் 1629-ம் ஆண்டில் பார்லிமெண்டைக் கலைத்தான். 11 ஆண்டுகள் அதைக் கூட்டவே இல்லை.

செலவுக்குப் பணம் வேண்டுமே! "கப்பல் வரி" என்று ஒன்று இருந்தது. ஆபத்துக் காலத்தில், கடற்படைக்காகக் கடலோர ஊர்களில் வாங்கும் வரி அது. 1635-ல் சார்லஸ் அதைக் கடலே இல்லாத ஊர்களுக்கும் விதித்தான்.

"பார்லிமெண்டின் சம்மதம் இல்லாமல் வரி போட மன்னனுக்கு உரிமை இல்லை" என்பது ஹாம்ப்டனின் வாதம். இன்று 20 ஷில்லிங், நாளை எவ்வளவோ? யார் தடுப்பது?

12 நீதிபதிகள்

1637-ல் விசாரணை தொடங்கியது. நீதிபதிகள் 12 பேர். மறு ஆண்டு தீர்ப்பு வந்தது. மன்னன் பக்கம் 7 பேர். ஹாம்ப்டன் பக்கம் 5 பேர்.

ஹாம்ப்டன் தோற்றார். ஆனால் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. பலர் வரி கொடுக்க மறுத்தார்கள். வசூல் படுத்து விட்டது. 1641-ல், புதிய பார்லிமெண்டு கப்பல் வரியைச் சட்டவிரோதம் என்று ஒழித்தது.

படகில் தப்பினார்

மன்னனுக்குக் கோபம் அடங்கவில்லை. 1642 ஜனவரி 4-ந் தேதி, ஆயுதம் தாங்கிய வீரர்களுடன் பார்லிமெண்டுக்கு வந்தான். ஹாம்ப்டன் உள்பட 5 உறுப்பினர்களைக் கைது செய்யத் தேடினான். ஆனால் ஐவரும் முன்பே தேம்ஸ் நதியில் படகு ஏறிப் போய்விட்டார்கள்!

அந்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாம்ப்டன் தம் ஊர்க்காரர்களைக் கொண்டு ஒரு படை திரட்டினார். 1643 ஜூன் 18-ந் தேதி, சால்குரோவ் என்ற இடத்தில் நடந்த சண்டையில் படுகாயம் அடைந்தார். ஆறு நாள் துடித்து, தேம் என்ற ஊரில் உயிர் நீத்தார்.

1649-ல் சார்லஸ் மன்னனின் தலை வெட்டப்பட்டது. அதைப் பார்க்க ஹாம்ப்டன் இல்லை.

அவருடைய சிலை எய்ல்ஸ்பரி நகரின் சந்தைச் சதுக்கத்தில் நிற்கிறது. 20 ஷில்லிங்கைக் கொடுத்திருந்தால், வீட்டில் நிம்மதியாக வாழ்ந்திருப்பார். ஆனால், அவர் பெயரை யார் நினைத்திருப்பார்கள்?