ஒரு வாழ்த்து அட்டைக்குள் இத்தனை ஆச்சரியமா?

ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு கறுப்பு இங்க் பேட், சின்னதாக ஒரு வாட்டர்கலர் பெட்டி, ஒரு பிரஷ், ஒரு தம்ளர் தண்ணீர். சாமான் இவ்வளவுதான். ஒரே பூவைப் பத்து அட்டைகளில் பதித்து, ஒரே பெட்டியிலிருந்து வண்ணம் தீட்டிப் பாருங்கள். பத்துப் பூக்களின் கோடும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் நிறம்? பத்தும் பத்து விதம்! முத்திரை சொன்னதையே திரும்பச் சொல்கிறது. தண்ணீர் ஒரு முறை செய்ததை மறுமுறை செய்வதே இல்லை. இந்த இரண்டும் உள்ளங்கை அகல அட்டையில் சந்திப்பதற்குப் பின்னால் அமேசான் காட்டு விதைகளும், பல் வைத்தியரின் அடுப்பும், சூடான் நாட்டுப் பிசினும், மாட்டின் பித்தநீரும்கூட இருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

முதலில் அட்டையிலிருந்து தொடங்குவோம். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையே கையால் வண்ணம் தீட்டப்பட்டதுதான், தெரியுமா? ஆண்டு 1843, ஊர் லண்டன். ஹென்றி கோல் என்ற அரசு அலுவலர். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் திட்டம் வந்தபோது அதற்காக உழைத்தவர்களில் ஒருவர். பிற்காலத்தில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. பண்டிகை நேரத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத முடியாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரைந்து தரச் சொன்னார். கோட்டோவியம் கல்லச்சில் ஏறியது. சுமார் ஆயிரம் அட்டைகள் அச்சாயின. பிறகு ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷை எடுத்துக் கையால் நிறம் ஏற்றினார்கள்! கோட்டை அச்சு பார்த்துக்கொள்ளும், வண்ணத்தைக் கை பார்த்துக்கொள்ளும். இன்று ரப்பர் ஸ்டாம்ப் வைத்து நீர்வண்ணம் தீட்டுகிற ஒவ்வொருவரும் அதே முறையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். 180 ஆண்டுகளில் அது மாறவே இல்லை!

அந்த அட்டையின் விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. ஓர் அட்டையின் காசில் பன்னிரண்டு கடிதங்கள் அனுப்பிவிடலாம். படத்தின் நடுவில் ஒரு குடும்பம் வட்டமாக அமர்ந்து ஒயின் கோப்பையை உயர்த்துகிறது. ஒரு குழந்தையும் குடிக்கிறது. மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் அதே அட்டையின் இரு ஓரங்களிலும் ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்கும் காட்சிகள் இருந்ததை எத்தனை பேர் கவனித்தார்களோ! மிஞ்சிய சில அட்டைகளில், கோல் தன் பாட்டிக்கு அனுப்பிய ஒன்று 2001இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 22,500 பவுண்டு!

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற இளம்பெண், 1840களின் கடைசியில், வீட்டு மேசையைச் சுற்றித் தோழிகளை உட்கார வைத்துக் காதலர் தின அட்டைகள் செய்தார். ஒருத்தி லேஸ் காகிதம் ஒட்டுவாள், அடுத்தவள் பூப்படம் ஒட்டுவாள், அடுத்தவள் அடியில் வண்ணத்தாள் வைப்பாள். கார் தொழிற்சாலைகளுக்கு அரை நூற்றாண்டு முன்பே, வாழ்த்து அட்டைக்கு வரிசை உற்பத்தி! போஸ்டனில் லூயி பிராங் என்ற அச்சகக்காரர் 1875இல் அமெரிக்கர்களுக்குக் கிறிஸ்துமஸ் அட்டையைப் பழக்கினார். நிறத்துக்கு ஒரு கல் என்று அடுக்கடுக்காக அச்சடித்த மனிதர். அவரே பள்ளிப் பிள்ளைகளுக்கு வாட்டர்கலர் பெட்டிகளும் செய்து விற்றார், தெரியுமா? அவர் பெயரில் வண்ணப்பெட்டி இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையை வரைந்தது யார் தெரியுமா? ஏழு வயதுச் சிறுமி! இரண்டாம் உலகப் போர் முடிந்து செக்கோஸ்லோவாக்கியா தட்டுப்பாட்டில் தவித்த காலம். அவளுடைய பள்ளியில் காகிதம் இல்லை. கண்ணாடித் துண்டில் வண்ணம் தீட்டினாள். கம்பத்தைச் சுற்றிக் குழந்தைகள் ஆடும் படம். யுனிசெஃபுக்கு நன்றி சொல்ல வரைந்த அந்தப் படம் 1949இல் அட்டையாகி, பல பத்தாண்டுகள் நீண்ட ஒரு நிதிதிரட்டலைத் தொடங்கிவைத்தது.

சரி, இப்போது ரப்பர் ஸ்டாம்புக்கு வருவோம். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து உடையும். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது எந்தப் பருவத்திலும் நிலைத்து நிற்கிறது என்று கண்டுபிடித்தார். 1844இல் காப்புரிமை கிடைத்தது. கடனுக்காகச் சிறைக்குப் போய் வந்தவர், 1860இல் கடனோடேயே இறந்தார். அவருடைய கண்டுபிடிப்பை முதலில் கொண்டாடியவர்களில் பல் வைத்தியர்களும் உண்டு. பொய்ப்பல் பதிக்கும் அடித்தட்டைக் கெட்டி ரப்பரில் செய்ய, ரப்பரை வேகவைக்கும் சின்ன அடுப்பு வைத்திருந்தார்கள். 1860களில் அமெரிக்காவில் யாரோ ஒருவருக்கு அந்த அடுப்பைப் பார்த்ததும் பொறி தட்டியிருக்கிறது. அச்செழுத்துகளை அடுக்கி, பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதில் ரப்பரை அழுத்தி அந்த அடுப்பில் வேகவைத்தால்? முத்திரை தயார்! முதல் ரப்பர் ஸ்டாம்பைச் செய்தது நான்தான் என்று பலர் உரிமை கோரினார்கள். ஆனால் ஆரம்ப கால ஸ்டாம்புகள் பல் வைத்தியரின் அடுப்பில் வெந்தவை என்பதில் சந்தேகமே இல்லை. இன்றைக்கும் முறை பெரிதாக மாறவில்லை. அச்சுப் பலகையில் ரப்பர் தாளை வைத்துச் சுமார் 150 டிகிரி சூட்டில் அழுத்திச் சில நிமிடம் வேகவைக்கிறார்கள். கண்ணாடி மாதிரி தெரியும் கிளியர் ஸ்டாம்ப் மட்டும் வேறு வழி: திரவப் பிசின் மேல் புற ஊதா ஒளி பட்ட இடம் கெட்டியாகும், படாத இடம் கழுவினால் போய்விடும். ஒளியாலேயே செதுக்குகிறார்கள்!

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சுமார் 2,700, அவ்வளவுதான். அதில் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் இலங்கைக்குப் பயணமாயின. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் ரப்பர் வரலாறு அங்கேதான் வேர்விட்டது. பிறகு மலாயாவின் பால்மரக் காடுகளில் விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் பால்வெட்டு நடக்கிறது. அட்டையில் பூ பதிக்கிற அந்தச் சின்ன ரப்பருக்குள் நம்முடைய உழைப்பும் இருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

அலுவலக முத்திரை கலைக்குள் நுழைந்தது எப்போது தெரியுமா? ஜெர்மனியின் ஹானோவரில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஓவியர் 1919லேயே சாதாரண அலுவலக ஸ்டாம்புகளைத் தாளில் பதித்து, அதையே ஓவியமாக்கினார். நியூயார்க்கர் இதழின் புகழ்பெற்ற ஓவியர் சால் ஸ்டைன்பெர்க் தன் படங்களுக்கென்றே தனியாக ஸ்டாம்புகள் செய்து வைத்துக்கொண்டார்.

இங்க்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் பட்டால் கரையும் இங்க்கில் பதித்துவிட்டு மேலே வாட்டர்கலர் தீட்டினால் கோடெல்லாம் கலைந்து சாம்பல் நிறமாகும். அதனால் காய்ந்தபின் கரையாத இங்க் வேண்டும். இன்னும் அழகான வழி எம்பாஸிங்! மெதுவாகக் காயும் இங்க்கில் பதித்து, ஈரம் இருக்கும்போதே எம்பாஸிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, ஹீட் கன் காட்ட வேண்டும். மாவாக இருந்தது கண் முன்னால் உருகிப் பளபளவென்று மேடாகும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி! நம் கல்யாணப் பத்திரிகையில் விரல் வைத்தால் தட்டுப்படுகிற தங்க எழுத்தும் ஈர மையில் பவுடர் தூவிச் சூடுகாட்டும் இதே வித்தைதான். சென்னை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் கடை கடையாகத் தடவிப் பார்க்கலாம். அட்டையில் இந்த மேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வயலில் வரப்பு தண்ணீரைத் தேக்குவதைப் போல, எம்பாஸிங் கோடு ஒவ்வோர் இதழுக்குள்ளும் வண்ணநீரைத் தேக்கி வைக்கிறது. கை நடுங்குகிறவர்களும், சின்னக் குழந்தைகளும்கூடக் கோட்டைத் தாண்டாமல் தீட்டிவிடலாம்.

முத்திரையையும் நீர்வண்ணத்தையும் ஒரு நாடே சேர்த்துக் கொண்டாடுகிறது, தெரியுமா? ஜப்பான்! அங்கே புத்தாண்டு அட்டையை டிசம்பர் 25க்குள் தபாலில் போட்டால், எல்லாம் ஒரே நாளில், ஜனவரி 1 அன்று வீட்டுக்கு வந்து சேரும். உச்ச காலத்தில், 2004 புத்தாண்டுக்காக, 440 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை அச்சிட்டது ஜப்பான் தபால் துறை! சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டாக நறுக்கி, வெட்டிய முகத்தில் படம் செதுக்கி, அதையே ஸ்டாம்பாகப் பதிப்பது அங்கே பழைய வீட்டு வழக்கம். எதேகாமி என்று ஒரு கலையும் இருக்கிறது. கொய்கே குனியோ பரப்பியது. பிரஷ்ஷின் நுனிக்காம்பைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக, கோணல்மாணலாகக் கோடு போட வேண்டும். ஒரு கத்தரிக்காய், ஒரு மீன், எதிரில் என்ன இருக்கிறதோ அது. மேலே நீர்வண்ணம், பக்கத்தில் இரண்டு வரி, கடைசியில் ஒரு சிவப்பு முத்திரை. அந்த முத்திரையைப் பெரும்பாலும் பென்சில் அழிக்கிற ரப்பரில் தாங்களே செதுக்கிக்கொள்கிறார்கள். அழகாக வரைய வராது என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு இருக்க முடியாது. அங்கே கோணலுக்குத்தான் மதிப்பு!

வண்ணப்பெட்டியைத் திறப்போமா? நிறத்தூளைத் தாளோடு பிடித்து வைப்பது சூடான் பக்கத்து வேல மரம் ஒன்றின் பிசின். நம் ஊர்க் கருவேலத்தின் உறவு. குளிர்பானங்களிலும் அதே பிசின் சேர்கிறது! தண்ணீர் பட்டால் மறுபடி கரைவதுதான் அதன் குணம். அதனால்தான் பல ஆண்டு காய்ந்து கிடந்த வாட்டர்கலர் வில்லைகூட ஒரு சொட்டு நீரில் உயிர்பெறுகிறது. பாரிஸின் செனலியே நிறுவனம் தன் வண்ணத்தில் தேன் சேர்க்கிறது. வண்ணம் தாளில் தடையில்லாமல் பரவ மாட்டின் பித்தநீரைப் பயன்படுத்துவதும் உண்டு. உயர்ரக பிரஷ்ஷின் முடி சைபீரிய மரநாய் இனம் ஒன்றின் வாலிலிருந்து வருகிறது. 1866இல் விக்டோரியா அரசிக்காக வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் அந்த முடியில் செய்த பிரஷ் வரிசைக்கு ஏழு என்று பெயர். அரசிக்குப் பிடித்த அளவு ஏழாம் எண்!

இந்தியன் யெல்லோ என்ற பொன்மஞ்சளின் கதையைக் கேட்டால் திகைத்துப் போவீர்கள். பீகாரின் முங்கேர் பக்கத்துக் கிராமத்தில் மாடுகளுக்கு மாவிலையைத் தின்னக் கொடுத்து, அவற்றின் சிறுநீரைக் காய்ச்சி உருண்டை பிடித்ததாக 1883இல் திரைலோக்கியநாத் முகர்ஜி எழுதினார். வெகுகாலம் பலர் அதை நம்பவில்லை. அவர் கியூவுக்கு அனுப்பிய உருண்டைகளை அண்மையில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அவர் எழுதியது மெய் என்பதற்கான தடயம் கிடைத்தது. இன்று அந்தப் பெயரில் பெட்டியில் இருப்பது செயற்கை நிறம். மாடுகளை எண்ணினால் அதுவே நல்லது.

தாள் கனமாக இருக்கட்டும், 300 ஜிஎஸ்எம். மெலிந்த தாள் ஈரம் பட்டதும் சுருளும். பிரான்ஸின் ஆர்ஷ் ஆலை 1492 முதல் தாள் செய்கிறது. பஞ்சுத் தாளை ஜெலட்டின் கரைசலில் தோய்த்து எடுக்கிறார்கள். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் தாள் வண்ணத்தை ஒரே மடக்கில் உறிஞ்சிவிடும். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் ஆலை 1959 முதல் இருக்கிறது. துணிக் கழிவிலிருந்து பிறக்கும் அந்தத் தாள்களின் ஓரச் சிலும்பலே ஓர் அலங்காரம்.

இனித் தண்ணீரின் வேலை! ஒரு சொட்டு வண்ணம் காய்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் அடர்ந்த கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் தெரியுமா? சொட்டின் ஓரம் நகராமல் தாளைப் பற்றிக்கொள்கிறது. நீர் ஓரத்தில்தான் வேகமாக ஆவியாகிறது. இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது நிறத்துகளையும் அள்ளிக்கொண்டு போய் அங்கே கொட்டுகிறது. மேசையில் சிந்திய காபி வளையமாகக் காய்வதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதை விளக்கி நேச்சர் இதழில் எழுதியது 1997இல்! பூ இதழின் ஓரத்தில் தானாக விழும் அந்த மெல்லிய கோட்டை எந்தக் கையாலும் வரைய முடியாது. அரைகுறையாகக் காய்ந்த வண்ணத்தில் புது நீர்ச் சொட்டு விழுந்தால், அது பழைய துகள்களைத் தள்ளிக்கொண்டு விரிந்து காலிஃபிளவர் வடிவம் எடுக்கும். தொடக்கக்காரர்கள் பதறுவார்கள். பதறாதீர்கள், மேகத்துக்கும் செடிப்புதருக்கும் அதையே வேண்டிச் செய்கிறவர்கள் உண்டு. அல்ட்ராமரீன் நீலம் தாளின் பள்ளங்களில் பொடிப்பொடியாகத் தங்கும். அதே பெட்டியின் வேறு நீலம் வழவழவென்று படியும்.

அடுக்களை உப்பும் இதில் சேர்த்தி, தெரியுமா? ஈர வண்ணத்தின் மினுமினுப்பு மறையத் தொடங்கும் தருணத்தில் நாலு கல் உப்பைத் தூவுங்கள். ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள நீரை இழுக்க, அதைச் சுற்றி வெளிறிய நட்சத்திரம் மலரும். தூளுப்புக்குச் சின்ன நட்சத்திரம், கல்லுப்புக்குப் பெரியது. முந்தித் தூவினால் கரைந்து மங்கிவிடும், பிந்தினால் ஒன்றும் நடக்காது. ஹீட் கன் காட்டி அவசரப்படுத்தாதீர்கள்; தானாக நன்றாகக் காயட்டும். பிறகு உப்பை விரலால் உதிர்த்துவிட்டு, அந்த வானத்தின் மேல் ஒரு பறவை ஸ்டாம்பைக் கறுப்பில் பதியுங்கள்.