களத்திலே குறையும் நெல் விலை

கேகாலை மாவட்டத்தின் வரக்காப்பொலைப் பகுதியில் வயல்கள் பரந்தவையல்ல. இறப்பர்த் தோட்டக் குன்றுகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளங்களில் அவை துண்டு துண்டாகக் கிடக்கின்றன. குடும்பம் உண்டு மிஞ்சுவது சில மூடைகளே. அவற்றுக்காகப் பல வணிகர் போட்டியிட்டு வருவதில்லை; லொறியோடு வருபவர் ஒருவர் அல்லது இருவர். அவர் சொல்வதே அன்றைய விலையாகிவிடுகிறது.

வாங்குவோரும் விற்போரும் பலராய், விலைச் செய்தியை ஒப்ப அறிந்து கூடுமிடத்தையே பொருளியலார் நிறைவான சந்தை என்பர். அது நூல்களில் உண்டு, வயலோரத்தில் இல்லை. குறைபாடுள்ள சந்தையில் வணிகரின் உபாயமும் அக்குறைபாட்டையொட்டியே அமைகிறது. அறுவடைக் காலத்தில் எல்லாரும் ஒருங்கே விற்கின்றனர். களஞ்சியமும் உலர்த்தும் பொறியும் கைமுதலும் உடைய ஆலையார் அப்பொழுது வாங்கி, வரத்துக் குறைந்த மாதங்களில் அரிசியாக விற்கின்றனர். இவ்விலாபத்தில் ஒரு பங்கு அவர்தம் செலவுக்கும் நட்ட அச்சத்துக்கும் உரியதே. மறுபங்கு, கமக்காரரிடம் உலர்த்தும் களமும் பொறுத்திருக்கும் வசதியும் இன்மையால் வருவது. விதைப்பின்போது உரத்தைக் கடனாகக் கொடுத்தவருக்கே நெல்லை அளக்கவேண்டிய கட்டு இருப்பின், பிறர் கூடிய விலை கூறினும் பயனில்லை.

ஈரத்தின் கணக்கைக் கமக்காரர் தாமே அறிதல் நன்று. ஈரப்பதன் 20 வீதமுள்ள 100 கிலோ நெல்லை 14 வீதத்துக்கு உலர்த்தினால் ஏறக்குறைய 93 கிலோ நிற்கும். ஆகவே ஈரத்துக்கெனக் கழிக்கத்தக்கது 7 கிலோ. கையால் அள்ளிப் பார்த்து 10 கிலோ கழிப்பவர் 3 கிலோ நெல்லை விலையின்றிப் பெறுகிறார். உலர்த்தும் கூலியைத் தனியே பேசலாம். எடையில் மறைத்தல் முறையன்று.

இக்குறைகளைத் தீர்க்கவே 1948இல் உத்தரவாத விலைத் திட்டமும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபையும் தோன்றின. ஆயினும் சபையின் கொள்வனவிற் பெரும்பங்கு நெல் மிகுந்த உலர் வலயத்திலேயே நிகழ்கிறது. சிறு பள்ளத்து வயலுக்கு அயலாரின் கூட்டே துணை. பத்து வீட்டார் நெல்லை உலர்த்தி ஓரிடத்தில் சேர்த்தால் லொறி நிறையும். தூரத்து ஆலையாரும் விலை கேட்பர். கமக்கார அமைப்பு ஓர் ஈரமானியையும் நல்ல தராசையும் பொதுவில் வாங்கி வைத்தல் தகும். நெல் முழுவதையும் பூட்டி வைத்தல் மட்டும் புத்தியன்று: அரிசி இறக்குமதியானால், காத்திருந்த விலை சரியக்கூடும்.

பாகலும் புடோலும் காத்திரா. அவற்றைக் கொய்யுமுன்னரே விலை விசாரித்தல் வேண்டும். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் மொத்தச் சந்தை விலைகளை நாள்தோறும் வெளியிடுகிறது. வரக்காப்பொலை கண்டி வீதியில் உள்ளது. அண்மையிலுள்ள அம்பேபுசையிற் குருநாகல் வீதி பிரிகிறது. காய்க்கு இரு திசையிலும் வழியுண்டாதலின், ஒரே வணிகரின் சொல்லோடு அமையாது, மறுதிசை வணிகரையும் கேட்டபின் கூடையைக் கட்டலாம்.