ஆசிரியர் பரிமாற்றப் பயணம்: சூட்கேஸ் அடுக்கும் முன் என்ன தயாரிப்பு வேண்டும்?

கொல்கத்தா டாலிகஞ்சில் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறார் என் பெரியப்பா மகள். ஒருநாள் போனில், “ஆறு வாரம் அமெரிக்கா, செலவு அவங்களோடது. அப்ளை பண்ணட்டுமா?” என்றார். பாஸ்போர்ட், ஸ்வெட்டர் என்று பேச்சு போகும் என நினைத்தேன். அக்காவின் கவலையே வேறு: “நான் இல்லாதப்ப டென்த் பசங்கள யார் பாத்துப்பாங்க?”

நியாயமான கேள்வி. அவர் சொன்னது ‘ஃபுல்பிரைட் டீச்சிங் எக்ஸலென்ஸ் அண்ட் அச்சீவ்மென்ட்’ திட்டம். உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் ஆறு வாரம் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெறுவார்கள். அதில் குறைந்தது 40 மணி நேரம் அங்குள்ள பள்ளி ஒன்றில், ஒரு ஆசிரியருடன் சேர்ந்து வகுப்பில் இருக்க வேண்டும். இந்தியாவில் இதை நடத்துவது 1950-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை. அதன் கொல்கத்தா அலுவலகம் ஜவஹர்லால் நேரு சாலையில். டாலிகஞ்சில் மெட்ரோ ஏறினால் மாறாமல் போய்விடலாம்.

சிக்கல் காலண்டரில் இருக்கிறது. வழக்கமாக ஓர் அணி ஜனவரி கடைசியில் கிளம்பி மார்ச்சில் திரும்பும். பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் மாத்யமிக் தேர்வு, சிபிஎஸ்இ பொதுத்தேர்வு இரண்டும் தொடங்கிவிடும். இன்னொரு அணி செப்டம்பர்–நவம்பர் வாக்கில். நடுவில் துர்கா பூஜை விடுமுறை வருவதால் வகுப்பு இழப்பு குறைவு. கொல்கத்தா ஆசிரியருக்கு இரண்டாவதுதான் தோது. அணியை நீங்களே தேர்ந்தெடுக்க முடியும் என்று நம்ப வேண்டாம்; தேதிகளையும் நிபந்தனைகளையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபாருங்கள். தலைமை ஆசிரியரிடம் விடுப்பு, பதிலி ஆசிரியர், திரும்பியதும் அதே வகுப்பு என மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

விசா பற்றி ஒன்றே ஒன்று, ஐடி நண்பர்களும் கவனிக்க: இது ஜே-1 விசா. அரசு நிதியில் போவதால், பின்னாளில் ஹெச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ வேண்டுமென்றால், முதலில் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் இருந்தாக வேண்டும். கணவரோ மனைவியோ வெளிநாட்டு வேலைக்கு முயல்பவர் என்றால் முன்பே பேசிவிடுவது நல்லது.

“போய் என்ன கொண்டு வருவீங்க?” என்ற கேள்வியும் வரும். டெல்லி அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பின்லாந்துப் பயணம் 2023 ஜனவரியில் பெரும் அரசியல் சண்டையானது. துணைநிலை ஆளுநர் வி.கே. சக்சேனா செலவு-பலன் கணக்கு கேட்டிருந்தார். மார்ச்சில் ஒப்புதல் வந்தபோது 52 பேர் என்பது, 29 மண்டலங்களுக்குத் தலா மூவர் என 87 ஆனது. தமிழ்நாட்டில் ‘கனவு ஆசிரியர்’ தேர்வில் வென்ற 55 பேர் 2024 அக்டோபரில் பிரான்ஸ் போய் வந்தார்கள். இவை அரசு அனுப்பிய குழுப் பயணங்கள். பரிமாற்றத்தில் நீங்கள் தனியாக இன்னொருவர் வகுப்பில் நிற்க வேண்டும். அதற்கான தயாரிப்பு வேறு.

உதாரணத்துக்கு, நம் கரும்பலகையில் 12,34,567. அங்கே 1,234,567. லட்சம், கோடி யாருக்கும் புரியாது. செ.மீ. என்றால் அங்குலம் என்ன என்று கேட்பார்கள், வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில். மாதிரிப் பாடத்தை இங்கேயே அந்த அளவுகளில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். மாணவர்களைப் படம் எடுக்கும் முன் பள்ளியின் அனுமதி அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் வகுப்பிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துப் போங்கள். ஒன்று போதும். விண்ணப்பக் கட்டுரைக்கும் அதுவே முதுகெலும்பு. அக்கா எடுத்த கேள்வி: “தப்பான விடைய போர்டுல எழுத பசங்க ஏன் பயப்படறாங்க?” தினமும் யார் எழுந்து வந்தார்கள், யார் வரவில்லை என்று இப்போதே ஒரு நோட்டில் குறித்து வருகிறார். பதிலி ஆசிரியருக்கான கடிதம்தான் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை.