தாய் வரும் வரை

குரங்குக் குட்டி தன் தாயை இறுகப் பற்றிக் கொள்கிறது. பூனைக்குட்டியோ தாய் வந்து கவ்விச் செல்லும் வரை காத்திருக்கிறது. தென்கலை வைணவர்கள் இறையருளை விளக்க எடுத்தாளும் மார்ஜார நியாயம் இதுவே. இவ்வுவமையில் விலங்கியல் உண்மையும் ஒன்று உண்டு. இடம் மாறும் தாய்ப்பூனை தன் குட்டிகளை ஒவ்வொன்றாகவே கவ்விக்கொண்டு போகும். ஆகவே வழியில் தனித்துக் கிடக்கும் குட்டி எல்லாம் அநாதை அன்று. தாயின் அடுத்த நடைக்குக் காத்திருக்கும் குட்டியாகவும் இருக்கலாம்.

இதை நேரில் காணும் வாய்ப்பு எங்கள் துறையின் கல்விச் சுற்றுலாவில் எனக்குக் கிட்டியது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே தேநீர்க் கடையொன்றில் பேருந்து நின்றது. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கடையின் பின்புறம், விறகுக் குவியலின் ஓரத்தில், உள்ளங்கையளவே உள்ள குட்டி ஒன்று நனைந்து கிடந்தது. விடுதிக்கே எடுத்துச் சென்றுவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். மற்றொருவர் கடையில் பால் வாங்கி வந்தார். இருவரின் அன்பும் மெய்யே. ஆயினும் இரண்டுமே அக்குட்டிக்குக் கேடாய் முடிந்திருக்கும்.

முதலில் வயதை அறிதல் வேண்டும். பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். 7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் முன்பற்கள் முளைக்கத் தொடங்கும். நான்கு வாரமானால் குழைந்த உணவை நக்கித் தின்னும். நாங்கள் கண்ட குட்டிக்குக் கண் பாதியே திறந்திருந்தது, பல் இல்லை. பத்து நாள் குட்டி என்று கணித்தோம்.

அடுத்தது சூடு. வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இளங்குட்டிக்கு முதல் சில வாரங்களில் இல்லை. குளிர்ந்த உடலில் பால் செரிக்காது, மூச்சுக்குழாயிலும் புகுந்துவிடலாம். எனவே பாலுக்கு முன் சூடு. குட்டியைத் துவட்டி, அட்டைப் பெட்டியில் பழந்துணி விரித்துக் கிடத்தினோம். கடைக்கார அம்மா தந்த வெந்நீரைப் பாட்டிலில் நிரப்பி, துணி சுற்றி, ஒரு பக்கமாக மட்டும் வைத்தோம். சூடு மிகுந்தால் குட்டி விலகிப் படுக்க இடம் வேண்டுமல்லவா?

பசும்பாலும் ஏற்றதன்று. அதில் புரதம் 3 சதவீதத்தைச் சற்றே கடக்கும்; தாய்ப்பூனையின் பாலிலோ அதைப் போல் இருமடங்கு. பசும்பாலால் கழிச்சல் உண்டாகி, நீரிழப்பினால் உயிரே போகலாம். தாய் வாராவிடில், பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கரைத்துப் புகட்டலாம். குட்டியைக் குப்புற வைத்தே புகட்ட வேண்டும், மல்லாத்தலாகாது. பின்னர் ஈரப் பஞ்சால் பின்புறத்தை மெல்லத் துடைத்தால்தான் மலசலம் கழிக்கும். தாய் நாவினால் செய்யும் பணி அது.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கையே. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நாங்கள் விலகி நின்றோம். ஓட்டுநர் அரைமணி நேரம் தந்தார். அது முடியுமுன் சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்து பெட்டியை முகர்ந்தது. குட்டியின் பிடரியைக் கவ்வியது. குட்டி கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் தொங்கியது. இரண்டும் வேலிக்கு அப்பால் மறைந்தன.

உதவுவோர் தம்மையும் காத்துக்கொள்ளல் வேண்டும். வெறிநோய் பூனையாலும் பரவும். கடியோ கீறலோ பட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலை 1976 ஆம் ஆண்டின் திருத்தத்தால் நம் அரசியல் சட்டம் குடிமக்களின் கடமையாக்கியது. அந்த இரக்கத்திற்குக் கண்ணாக அமைவது அறிவு. எடுப்பதற்கு முன் சற்றே பொறுத்துப் பார்க்கும் அறிவு, எத்தனையோ குட்டிகளைத் தாயிடமே சேர்த்துவிடும்.