நூலகப் பகுப்பும் ஆவண ஒழுங்கும்: சிவகிரி ஜமீன் ஆவணங்களை முன்வைத்து நூலக அறிவியல் மாணவர்க்கான உள்ளகப் பயிற்சி

ஆய்வுச் சுருக்கம்

நூலக அறிவியல் பயிலும் மாணவர்கள் ஆவணக் காப்பகங்களிலும் சிறப்புச் சேகரிப்புகளிலும் பெறும் உள்ளகப் பயிற்சி, வகுப்பறையில் கற்றதைச் செய்து பார்க்கும் வாய்ப்பாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. கற்ற பொருள்வழிப் பகுப்பை ஒதுக்கிவைத்து, ஆவணம் பிறந்த இடத்தையும் அது இருந்த ஒழுங்கையும் காக்கப் பழகுவதே அப்பயிற்சியின் அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி மாவட்டம் சிவகிரி ஜமீன் தொடர்பான ஆவணங்கள் உருவாகிப் பிரிந்த வரலாறு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆவணக் காப்பகம், உள்ளகப் பயிற்சி, மூல ஒழுங்கு, சிவகிரி ஜமீன், பசலி, கொல்லம் ஆண்டு, விளக்கப் பட்டியல்

முன்னுரை

தமிழகத்தில் நூலகக் கல்வி சீர்காழி இரா. அரங்கநாதனின் முயற்சியால் வேரூன்றியது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக 1929இல் சான்றிதழ்ப் பயிற்சியைத் தொடங்கினார். 1931இல் அப்பயிற்சி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. நூலக அறிவியலின் ஐந்து விதிகளைக் கூறும் அவரது நூல் 1931இலும், கோலன் பகுப்பு முறை 1933இலும் வெளிவந்தன. இன்றைய நூலக அறிவியல் பாடத்திட்டம் இந்த அடித்தளத்தின்மீதே நிற்கிறது.

இவ்வடித்தளம் அச்சு நூலை மையமாகக் கொண்டது. ஒரு நூலின் பொருளை அறிந்து, அதற்குரிய எண்ணை வழங்கி, அதே பொருளுடைய பிற நூல்களோடு சேர்த்து வைப்பதே நூலகரின் தலையாய பணி. இத்திறனுடன் ஆவணக் காப்பகத்துள் நுழையும் மாணவர், கட்டுக்கட்டாகக் கிடக்கும் தாள்களையும் ஓலைகளையும் பொருள்வாரியாகப் பிரிக்க முற்படுவது இயல்பே. அவ்வாறு பிரித்தால் மீட்க இயலாத இழப்பு நேரும். அவ்விழப்பு எத்தகையது, அதைத் தவிர்க்கப் பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நூலும் ஆவணமும்

நூல், படிப்போரை நோக்கி எழுதப்படுவது. பல படிகளாக வெளிவருவது. தனித்து நின்றே பொருள் தருவது. ஆவணமோ ஒரு செயலின் விளைவாகப் பிறப்பது. குடியானவர் கொடுத்த மனு, அதன்மேல் கணக்கர் எழுதிய குறிப்பு, மேலாளர் இட்ட உத்தரவு, பணம் பெற்றதற்கான இரசீது ஆகிய நான்கும் ஒரே நாடாவில் கட்டப்பட்டிருக்குமாயின், அக்கட்டே ஒரு செய்தி. மனுக்களை ஓரிடத்தும் இரசீதுகளை வேறிடத்தும் அடுக்கினால் நான்கு தாள்களும் எஞ்சியிருக்கும். எந்த மனுவின்மேல் எந்த உத்தரவு பிறந்தது என்னும் செய்தி மறைந்துவிடும்.

இவ்வுண்மையை ஐரோப்பிய ஆவணக் காப்பகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெறிப்படுத்தின. ஓர் அலுவலகத்தின் அல்லது குடும்பத்தின் ஆவணங்களைப் பிறவற்றோடு கலத்தல் ஆகாது என 1841இல் பிரான்சு அரசு சுற்றறிக்கை விடுத்தது. ஆவணங்களை உருவாக்கியோர் வைத்திருந்த வரிசையையே பேண வேண்டும் என்பதை 1898இல் வெளிவந்த நெதர்லாந்து ஆவணக் காப்பாளர் மூவரின் கையேடு வலியுறுத்தியது. முன்னது தோற்றமூலக் கொள்கை. பின்னது மூல ஒழுங்குக் கொள்கை. பன்னாட்டு ஆவணக் காப்பக மன்றத்தின் பொது விவரிப்புத் தரமும் (இரண்டாம் பதிப்பு, 2000) முதலில் முழுத் தொகுதியை விவரித்து, பின்னர் தொடர், கோப்பு, தனித்தாள் என இறங்கிச் செல்வதையே விதியாக வைத்துள்ளது.

2. சிவகிரி ஆவணங்கள் பிரிந்த வரலாறு

மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில், தென்காசிக்கு வடக்கே அமைந்த சிவகிரி, திருநெல்வேலிச் சீமையின் பாளையங்களுள் ஒன்று. 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபின் சிவகிரியின்மேலும் படை நடத்தினார். 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்வழிப் பாளையங்கள் ஆண்டுதோறும் பேஷ்குஷ் செலுத்தும் ஜமீன்களாக மாறின.

இம்மாற்றம் புதிய எழுத்துலகைத் தோற்றுவித்தது. அரசு ஜமீனுக்கு வழங்கும் சனது, ஜமீன் குடிகளுக்கு வழங்கும் பட்டா, குடிகள் எழுதிக்கொடுக்கும் முச்சலிக்கா, கிராமக் கணக்கு, தண்டல் பதிவு, கோயில் மானியக் கணக்கு, நீர்ப்பாய்ச்சல் ஒப்பந்தம் ஆகியன ஜமீன் அலுவலகங்களில் தொடர்ச்சியாக உருவாயின. மாவட்ட ஆட்சியர் வருவாய் வாரியத்திற்கு எழுதிய கடிதங்களும் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளும் சென்னையில் சேர்ந்தன. அவற்றின் படிகள் இலண்டன் இந்தியா அலுவலகத்திற்கும் சென்றன. வாரிசு சிறுவராயிருந்து ஜமீன் அரசின் மேற்பார்வைக்குள் வரும்போது, 1804ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குமுறைச் சட்டமும் பின்னர் 1902ஆம் ஆண்டுச் சட்டமும் வகுத்தபடி காப்பு நீதிமன்ற ஆவணங்கள் தனித்தொடராக வளர்ந்தன.

வழக்குகள் வேறொரு தடத்தை உருவாக்கின. தந்தையின் கடனுக்கு மகன் மரபுரிமையாய்ப் பெற்ற சிவகிரி ஜமீன் பொறுப்பாகுமா என்னும் வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1882இல் முடிவுற்றது. முத்தையன் செட்டி எதிர் சங்கிலி வீரபாண்டியச் சின்னத்தம்பியார் என்னும் பெயரால் இந்துச் சட்ட நூல்களில் அது அறியப்படுகிறது. ஒரே கடன் பற்றிய தாள்கள் மாவட்ட நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம், இலண்டன் என மூன்று நிலைகளில் உருவானமையை இவ்வழக்கு காட்டுகிறது.

ஜமீன்களை ஒழித்த 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் இறுதிப் பிரிவினையை நிகழ்த்தியது. அதன் 3ஆம் பிரிவு, எஸ்டேட்டை நிர்வகிக்கத் தேவையெனக் கருதும் கணக்குகள், பதிவேடுகள், பட்டாக்கள், முச்சலிக்காக்கள், வரைபடங்கள் ஆகியவற்றை அரசு கைப்பற்ற வழிசெய்தது. நிர்வாகத்திற்குத் தேவை என்பதே இங்கு அளவுகோல். அதன்படி, நடப்பில் இருந்த நிலக்கணக்கு அரசுக்குச் செல்ல, நடப்பிழந்த கடிதங்களும் பழைய ஓலைகளும் எடுத்துச் செல்லப்படாமல் நிற்க இடமுண்டாயிற்று. ஆகவே ஜமீன் ஆவணங்கள் எங்கும் முழுமையாக இருக்கும் என எதிர்பார்க்கும் மாணவர், இச்சட்டத்தையே முதல் வழிகாட்டியாகப் படிக்க வேண்டும். எந்தத் தாள் எந்த அதிகாரத்தால் எங்குச் சென்றிருக்கும் என ஊகிக்கும் திறன் இதனால் வாய்க்கும்.

ஆட்சி எல்லைகளும் மாறின. சங்கரநயினார்கோயில் வட்டத்தைச் சேர்ந்திருந்த சிவகிரி பின்னர்த் தனி வட்டமாயிற்று. 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்துள் அமைந்தது. அருகிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாய் இருந்தமையால், அதன் பழைய அரசு ஆவணங்களைத் திருவனந்தபுரம் நோக்கியும் தேட வேண்டும். இன்றைய வரைபடத்தைக் கொண்டு பழைய ஆவணத்தைத் தேடுதல் இயலாது என்பது இதனால் புலனாகிறது.

3. காலமும் எண்ணும் பெயரும்

தென்காசி வட்டார ஆவணத்தை விவரிக்க முற்படும் மாணவர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் காலக்கணிப்பு. ஆங்கில ஆண்டோடு, சித்திரையில் பிறக்கும் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர், ஜூலை 1இல் தொடங்கும் பசலி, ஆவணியில் தொடங்கும் கொல்லம் ஆண்டு ஆகிய மூன்றும் இப்பகுதியில் வழங்கின. 1882 மே மாதத்து ஆவணம் சித்திரபானு ஆண்டு, பசலி 1291, கொல்லம் 1057 எனக் குறிக்கப்படும். அதே ஆண்டு அக்டோபரில் சித்திரபானு மாறாதிருக்க, பசலி 1292, கொல்லம் 1058 ஆகிவிடும். மாதத்தை நோக்காமல் பசலியுடன் 590ஐயும் கொல்லத்துடன் 824ஐயும் கூட்டி எழுதினால் ஓராண்டுப் பிழை நேரும். கடன்பத்திரத்திற்கும் அதன்மேல் எழுந்த பிராதுக்கும் இடையே ஓராண்டு பிறழ்ந்தால் வழக்கின் போக்கே தலைகீழாகும். ஆகவே ஆவணத்தில் உள்ள தேதியை உள்ளவாறே எழுதி, கணித்த ஆங்கிலத் தேதியைத் தனிக்கட்டத்தில் தருதல் முறை.

இரண்டாவது, எண். கொல்லம் 1058 என்பது ௲௫௰௮ என எழுதப்பட்டிருக்கும். ௧ என்னும் எண்ணும் க என்னும் எழுத்தும், ௮ என்னும் எண்ணும் அ என்னும் எழுத்தும் ஒரே வடிவின. ஓலையில் புள்ளி இடப்படாமையும் எகர ஏகார வேறுபாடு காட்டப்படாமையும் இடர்ப்பாட்டை மிகுவிக்கும். மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறியீடுகளை அறியாதவர்க்கு நிலக்கணக்கு திறவாது. நூலக அறிவியல் துறையும் தமிழ்த்துறையும் இணைந்தே இப்பயிற்சியை நடத்த வேண்டியதன் தேவை இவ்விடத்தில் தெளிவாகிறது.

மூன்றாவது, பெயர். சிவகிரி என்னும் ஊர் தென்காசி மாவட்டத்திலும் ஈரோடு மாவட்டத்திலும் உண்டு. கேரளத்து வர்க்கலையில் நாராயண குருவின் சமாதி அமைந்த இடத்தின் பெயரும் அதுவே. ஆங்கில அலுவலர்கள் தம் காதில் விழுந்தவாறு ஊர்ப்பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் எழுதினர். ஏற்புடைய ஒரு பெயர் வடிவத்தைத் தேர்ந்து, பிற வடிவங்களிலிருந்து அதற்கு வழிகாட்டும் பெயர்க் கட்டுப்பாட்டு முறையை மாணவர் நூற்பட்டியல் பாடத்தில் முன்னரே கற்றுள்ளார். வகுப்பறைக் கல்வி ஆவணப் பணிக்கு நேரே கைகொடுக்கும் இடம் இது.

4. பயிற்சியின் படிநிலைகள்

பயிற்சியின் முதற்கட்டத்தில் மாணவர் எதையும் பிரித்தல் கூடாது. பெட்டி, அலமாரி, மூட்டை ஆகியன இருந்த நிலையைப் படமெடுத்து, அவற்றிற்குத் தற்காலிக எண் இட்டு, எக்கட்டு எதன்மேல் இருந்தது என வரைந்துகொள்ள வேண்டும். ஒழுங்கற்றதாய்த் தோன்றும் குவியலிலும் அதனைக் கையாண்டவரின் ஒழுங்கு மறைந்திருக்கலாம்.

அடுத்தது சேர்க்கைப் பதிவேடு. யாரிடமிருந்து, எந்நாளில், எந்நிபந்தனையுடன் ஆவணம் பெறப்பட்டது என்பது இதில் இடம்பெறும். மூன்றாவதாகத் தூய்மை செய்தல். மென்தூரிகையால் தூசி நீக்குதல், துருவேறிய குண்டூசிகளை அகற்றுதல், அமிலமற்ற உறையில் இடுதல் ஆகியவற்றோடு மாணவரின் பணி நிற்க வேண்டும். ஊசியை எடுக்குமுன் எவ்வெத்தாள்கள் சேர்ந்திருந்தன எனக் குறித்தல் இன்றியமையாதது. இரும்புச்சத்து மையால் அரிக்கப்பட்ட தாளுக்கு மெல்லிய சப்பானியத் தாளை ஒட்டுதல், ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுதல் போன்றவை பயிற்சி பெற்ற பேணுநர் முன்னிலையிலேயே நிகழலாம்.

பருவமும் கருதத்தக்கது. குற்றாலச் சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இவ்வட்டாரக் காற்றில் ஈரம் மிகும். வடகிழக்குப் பருவமழைக் காலமும் அத்தகையதே. ஈரமேறிய தாளில் பூஞ்சை எளிதில் பற்றும். தை முதல் பங்குனி வரையிலான வறண்ட காலமே கட்டவிழ்க்க ஏற்றது. கோடை விடுமுறையை ஒட்டிப் பயிற்சி ஜூனுக்குள் நீளுமாயின், பயிற்சிக் காலத்தை மாற்றியமைப்பது நலம்.

நான்காவது விவரிப்பு, ஐந்தாவது மின்னுருவாக்கம். இவ்வரிசை மாறலாகாது. விவரிக்கப்படாத ஆயிரம் படங்கள், கட்டவிழ்க்கப்படாத ஆயிரம் தாள்களினும் பயனில் உயர்ந்தவை ஆகா.

5. பயிற்சிக் களங்கள்

அரசு ஆவணத்தொடர்களை அறிய எழும்பூரில் 1909இல் எழுந்த கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், சுவடி மரபை அறிய 1869இல் நிறுவப்பெற்ற அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 1943இல் தோன்றிய உ.வே.சா. நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித்துறை ஆகியனவும் உரிய களங்கள். தனியார் ஒருவரின் சேகரிப்பு ஆராய்ச்சி நூலகமான வழியைக் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பைக் கொண்டு 1994இல் நிறுவப்பெற்ற நூலகம் உணர்த்தும்.

சிவகிரி போன்ற ஊர்களுக்கு மிக நெருங்கிய முன்மாதிரி, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன் மேற்கொண்ட பணியாகும். 1650 முதல் 1950 வரையிலான தமிழக வேளாண் வரலாற்று ஆவணங்கள் அதில் தேடிக் கண்டறியப்பட்டு மின்னுருவாக்கப்பட்டன. மூலத்தை அதன் நாட்டைவிட்டு அகற்றாமல் படிமத்தை மட்டும் பகிர்வது அத்திட்டத்தின் நெறி. ஆவணத்தைக் கைவிட மனமில்லாத குடும்பங்களுக்கு இந்நெறி நம்பிக்கை தரும்.

6. அறமும் பொறுப்பும்

ஜமீன் ஆவணங்களில் நிலவுரிமை, கோயில் மானியம், மரபுரிமை, சாதிவழக்கு ஆகியன பதிவாகியுள்ளன. இன்றும் அவை உரிமைக் கோரிக்கைகளுக்குச் சான்றாகலாம். ஆகவே உரிமையாளரின் எழுத்து வழி இசைவு, பார்வைக் கட்டுப்பாடு, கண்டதை வெளியில் உரையாமை ஆகியவற்றில் மாணவர் முன்கூட்டியே தெளிவு பெற வேண்டும். வரலாற்று மதிப்புடையனவும் 75 ஆண்டுக்குக் குறையாதனவுமான கையெழுத்துச் சுவடிகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் எல்லைக்குள் வருவதையும் அவர் அறிதல் வேண்டும்.

நிறுவனத்திற்கும் கடப்பாடு உண்டு. பயணச்செலவும் தங்குமிடமும் மாணவரே ஏற்க வேண்டுமாயின், வசதியுடையோர்க்கு மட்டுமே இப்பயிற்சி கிட்டும். ஊர்ப்பேச்சும் வட்டார வழக்கும் அறிந்த உள்ளூர் மாணவர் விலக்கப்படுவர். ஊக்கத்தொகை இங்கு ஆவணத்தின் நலனையும் சார்ந்தது. மேலும், தூசி தட்டுவதற்கும் படமெடுப்பதற்கும் மட்டுமே மாணவரைப் பயன்படுத்துதல் பயிற்சியாகாது. ஒரு சிறு தொகுதியேனும் தொடக்கம் முதல் விளக்கப் பட்டியல் வரை அவர் பொறுப்பில் முழுமை பெற வேண்டும். அப்பட்டியலில் தொகுத்தவராக அவர் பெயர் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

நூலகப் பகுப்பு, ஒரே பொருள் பற்றிய பலரின் எழுத்துகளை ஒன்றுசேர்க்கிறது. ஆவண ஒழுங்கு, ஒரே செயலில் பிறந்த பலவகை எழுத்துகள் பிரியாமல் காக்கிறது. சிவகிரி ஜமீன் தொடர்பான தாள்கள் சட்டங்களாலும் வழக்குகளாலும் ஏற்கெனவே பல இடங்களுக்குப் பிரிந்துள்ளன. எஞ்சியிருக்கும் கட்டுகளை நல்லெண்ணத்துடன் மீண்டும் பிரித்துவிடாதிருக்கப் பழகுவதே மாணவர் பெறவேண்டிய முதற்பயிற்சி. பிரிந்தவை ஒன்றையொன்று சுட்டுமாறு விளக்கப் பட்டியல் எழுதுதல் அடுத்தது. அவ்வாறு எழுதப்படும் பட்டியலில், ஒரு குடியானவரின் மனுவும் அதற்குக் கிடைத்த விடையும் பின்வரும் ஆய்வாளர் கண்ணில் சேர்ந்தே தென்படும்.