ஊசிமுனைக்கு அஞ்சும் உள்ளங்கள்

கந்தப்பளை மலைகளில் பனி இறங்கும் மாலை வேளை. பாடசாலை விட்டு நெடுநேரமாகியும் மாணவி ஒருத்தி என் மேசையருகே தயங்கி நின்றாள்.

"சேர், எங்கப்பாவ நாய் கடிச்சிருச்சு. ரெண்டு நாளாச்சு. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறாரு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாரு."

அவளுடைய தந்தையை நான் அறிவேன். கவ்வாத்து வெட்டுவதில் வல்லவர். அட்டைக் கடியை ஒரு பொருட்டாகவே எண்ணாதவர். இத்தகையவரா ஊசிக்கு அஞ்சுவது என்று மனத்துக்குள் நகைத்தவாறே லயத்துக்குச் சென்றேன்.

"தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களே, வாத்தியாரய்யா! சின்னப் புள்ளையில எங்க மாமாவுக்குப் போட்டதப் பார்த்து அங்கேயே மயங்கி விழுந்தவன் நான்" என்றார் அவர்.

என் நகைப்பு அடங்கியது. அவருடைய அச்சம் வெறும் கற்பனையன்று. 1911ஆம் ஆண்டில் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்னும் மருத்துவர், ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து நீர்வெறுப்பு நோய்க்குத் தடுப்பு மருந்து செய்தார். நாள்தோறும் வயிற்றில் ஏற்றப்பட்ட அம்மருந்து பல தலைமுறைகளின் உயிரைக் காத்தது. கூடவே பெரும் பீதியையும் விட்டுச் சென்றது. இன்று அம்முறை வழக்கொழிந்துவிட்டது. புதிய தடுப்பு மருந்தை மேற்கையில், குறித்த சில நாட்களில் மாத்திரமே ஏற்றுகின்றனர். கடி கடுமையாயின் காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்துவதுண்டு. மருந்து மாறிவிட்டது, மக்கள் மனத்திலுள்ள கதைதான் மாறவில்லை.

ஆயின், இந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. நாய் கடித்தவுடன் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். நாட்கள் கடந்துவிட்டாலும் "இனிப் போய் என்ன பயன்" என்று இருந்துவிடலாகாது.

ஊசியைக் கண்டு மயங்குவோரைக் கோழைகள் என்று இகழ்வது அறியாமை. பாம்பைக் கண்டு அஞ்சுகிறவனுக்கு நெஞ்சு படபடக்கும். இரத்த அழுத்தம் ஏறும். ஊசிக்கும் இரத்தத்துக்கும் அஞ்சுவோர் பலருக்கோ முதலில் ஏறிய அழுத்தம் திடீரென வீழ்கிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. கண் இருண்டு மயக்கம் வருகிறது. இவ்வியல்பு குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. உடலின் இச்செயலை ஏச்சும் கேலியும் மாற்றிவிடுமா?

மாற்றக்கூடிய வழி ஒன்று உண்டு. 1980களில் சுவீடன் நாட்டு உளவியலறிஞர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்பார் எளிய பயிற்சியொன்றை வகுத்தார். அமர்ந்தபடியே கைகால்களையும் உடலையும் 10 முதல் 15 விநாடி வரை இறுக்க வேண்டும். முகத்தில் வெம்மை ஏறியதும் தளர்த்த வேண்டும். அரை நிமிடம் சென்றபின் மீண்டும் இறுக்க வேண்டும். இவ்வாறு ஐந்து முறை செய்தால், வீழவிருக்கும் இரத்த அழுத்தம் தாங்கி நிற்கும். ஊசி ஏற்றும் கையை மாத்திரம் தளர்வாக விட வேண்டும். மயங்கும் வழக்கமின்றி அச்சம் மட்டும் உடையோருக்கு இப்பயிற்சி வேண்டியதில்லை. நிதானமாக மூச்சு விடுவதே போதும்.

அன்றிரவு அவரும் மகளும் அடுப்படியில் அமர்ந்து இதனைப் பழகினர். மறுநாள் விடிந்ததும் மூவரும் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினோம். "இவர் மயங்கக்கூடியவர்" என்று தாதியிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் முகஞ்சுளிக்காமல் கட்டிலில் படுக்கச் செய்தார். மகள் தந்தையின் மறுகையைப் பற்றிக்கொண்டாள். அவர் முகம் வெளிறியது; நெற்றியில் வியர்வை அரும்பியது. மயக்கம் மட்டும் வரவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "குழப்படி செய்தால் டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். மருந்தைத் தண்டனையாகக் காட்டினால், பிள்ளை பிற்காலத்தில் அதை எவ்வாறு நாடும்? "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். "சிறிது வலிக்கும், விரைவில் அடங்கிவிடும், நான் அருகில் இருப்பேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். கைக்குழந்தையாயின் தாய்ப்பால் ஊட்டியவாறே ஊசி போடுவிக்கலாம். சற்று வளர்ந்த பிள்ளையை மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளலாம். 2015இல் உலக சுகாதார நிறுவனமும் இவற்றையே பரிந்துரைத்தது.

மாணவர்களே, பாடசாலையில் தடுப்பூசி போடும் நாளில் நடுங்கி நிற்கும் தோழனைக் கண்டு சிரிக்காதீர்கள். வரிசையின் கடைசியில் நின்று பிறர் அழுவதைப் பார்க்கப் பார்க்க அவன் அச்சம் வளரும். அவனை முன்னே போகவிடுங்கள், பேச்சுக் கொடுங்கள்.

அடுத்த ஊசி நாளில் துணைக்கு வரவா என்று அம்மனிதரிடம் கேட்டேன்.

"வேணாங்க ஐயா. புள்ள வருது, போதும்" என்றார்.

குறித்த நாட்களிலெல்லாம் தந்தையும் மகளும் போய் வந்தனர். இன்றும் அவர் மலையில் கவ்வாத்து வெட்டுகிறார்.